பொதுக் கொள்கைப் படிப்புக்கு எப்போது விண்ணப்பிப்பது? – மன்னார் இளைஞர்களை முன்வைத்துச் சில கருத்துகள்

மன்னாரில் பட்டப்படிப்பை முடித்த இளைஞர்களுடன் உரையாடும் வேளைகளில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. பொதுக் கொள்கைத் துறையில் முதுமாணிப் படிப்புக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு உடனேயே விண்ணப்பிப்பதா, அல்லது சில வருடங்கள் வேலை செய்த பின்னர் விண்ணப்பிப்பதா என்பதே அந்தக் கேள்வி. மருத்துவம், பொறியியல், கணக்கியல் ஆகியவற்றைத் தவிர வேறு படிப்பு இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லியே பழகிய எமது சமூகத்தில் இப்படியொரு கேள்வி எழுவது வரவேற்கத்தக்கது. எனது பதில் சுருக்கமானது. இரண்டு வருடங்களுக்குக் குறையாமல், ஐந்து வருடங்களுக்கு மேற்படாமல் சொந்த மாவட்டத்தில் வேலை செய்துவிட்டு விண்ணப்பியுங்கள். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மன்னார்த் தீவின் தென்கரையோரம் 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையில் 30 கோபுரங்கள் நிற்கின்றன. அதன் கொள்ளளவு 103.5 மெகாவாட். அதன் பின்னர் இந்தியாவின் அதானி நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலும் 442 மில்லியன் டொலர் முதலீட்டில் காற்றாலைகளை அமைப்பதற்கு 2023 பெப்ரவரியில் அனுமதி பெற்று, 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. 2025 ஆகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். காற்றாலைப் பணிகளை ஒரு மாதம் நிறுத்திவைக்குமாறு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பணிக்க வேண்டியதாயிற்று.

மக்களின் முறைப்பாடுகள் தெளிவானவை. மழைநீர் வடிந்தோடும் வழிகள் அடைபட்டுக் கிராமங்களில் வெள்ளம் தேங்குகிறது என்கிறார்கள். கரையோரத்தில் மீன்பாடு குறைந்துவிட்டது என்கிறார்கள். மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகளின் பாதையில் மன்னார் இருக்கிறது. வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. மறுபக்கத்தில், எரிபொருள் இறக்குமதிக்கு டொலர் இல்லாமல் 2022இல் இருளில் மூழ்கிய நாட்டுக்கு மலிவான மின்சாரமும் தேவை. இவ்விரண்டையும் எடைபோட்டு, கோபுரங்களை எங்கே நிறுத்துவது, எத்தனை நிறுத்துவது, நட்டத்தை யார் ஏற்பது என்று கணக்குப் பார்த்துத் தீர்மானிப்பதைத்தான் பொதுக் கொள்கை என்கிறோம்.

சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையொன்று பொதுமக்களின் கருத்துக்காக 30 நாட்கள் திறந்து வைக்கப்படுகிறது. நூற்றுக்கணக்கான பக்கங்களில், நீரியல் மாதிரிகளும் பொருளாதார அட்டவணைகளும் நிறைந்த அந்த ஆவணத்தை வாசித்து, அதன் ஊகங்களில் எது பிழை என்று எழுத்தில் சுட்டிக்காட்ட மாவட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? மக்களின் எதிர்ப்பு ஒரு திட்டத்தை நிறுத்திவைக்கும். மாற்றுத் திட்டத்தை வரைவதற்கு அதற்கான பயிற்சி வேண்டும்.

இந்தக் குறை இன்று நேற்று வந்ததல்ல. 1902இல் பிரித்தானிய அரசாங்கம் லிவர்பூலைச் சேர்ந்த விலங்கியல் பேராசிரியர் ஹெர்ட்மனை அழைத்து மன்னார் வளைகுடாவின் முத்துப் படுகைகளை ஆராயச் செய்தது. அவருடைய அறிக்கை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. 1906இல் முத்துக்குளிப்பு உரிமை லண்டன் கம்பனியொன்றுக்கு 20 வருடக் குத்தகைக்கு வழங்கப்பட்டது. 1907ஆம் ஆண்டுடன் முத்துக்குளிப்பு நின்றுபோனது. கம்பனியும் சில வருடங்களில் வீழ்ந்தது. கடலுக்குள் இறங்கியவர்களின் சார்பில் பேசுவதற்கு அந்தத் தீர்மானங்கள் எடுக்கப்பட்ட இடத்தில் எவரும் இருக்கவில்லை.

அப்படியானால் உடனேயே படிக்கச் செல்லலாமே என்று கேட்கலாம். பிரச்சினை இதுதான். பொதுக் கொள்கை வகுப்பறை கருவிகளைத் தருகிறது. செலவு–பயன் ஆய்வு, புள்ளிவிபரவியல், நிறுவனங்களின் செயற்பாடு ஆகியவற்றைக் கற்பிக்கிறது. எதன்மீது அந்தக் கருவிகளைப் பிரயோகிப்பது என்பதை மாணவர்தான் கொண்டுபோக வேண்டும். அடிமடி இழுவைத் தொழில் 2017ஆம் ஆண்டின் சட்டத்தால் இலங்கையில் தடைசெய்யப்பட்டது என்பதை எவரும் வாசித்து அறியலாம். தடை இருந்தும் இந்திய இழுவைப் படகுகளால் வலையறுந்த பேசாலைத் தொழிலாளி நட்டஈடு கேட்டு எந்த அலுவலகத்துக்குப் போகிறார், எந்தப் படிவத்தில் அவருடைய விண்ணப்பம் முடங்குகிறது என்பதை அங்கே இருந்து பார்த்தவரே அறிவார். மன்னார் நகரம், மாந்தை மேற்கு, மடு, நானாட்டான், முசலி ஆகிய ஐந்து பிரதேச செயலகங்களில் ஏதாவதொன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருப்பதைப் பல பட்டதாரிகள் தலைவிதி என்று நொந்துகொள்கிறார்கள். கொள்கை படிக்க விரும்புபவருக்கு அதைவிடச் சிறந்த ஆரம்பப் பாடசாலை கிடையாது. மீனவர் கூட்டுறவுச் சங்கமும் முசலியில் மீள்குடியேறிய மக்களின் காணிப் பிரச்சினைகளைக் கையாளும் தொண்டு நிறுவனமும் அவ்வாறே.

பல்கலைக்கழகங்களும் இதையே எதிர்பார்க்கின்றன. பிரித்தானியாவின் செவ்னிங் புலமைப்பரிசிலுக்குக் குறைந்தது 2,800 மணித்தியால, அதாவது ஏறத்தாழ இரண்டு வருட, வேலை அனுபவம் வேண்டும். படித்து முடித்ததும் இரண்டு வருடங்களுக்குத் தாய்நாடு திரும்பவும் வேண்டும். ஹார்வர்டின் கென்னடி கல்லூரியில் நடுத்தர வயது நிருவாகிகளுக்கான ஒருவருடப் படிப்புக்கு ஏழு வருட அனுபவம் கேட்கிறார்கள். ஒக்ஸ்போர்டில் பொதுக் கொள்கை முதுமாணி ஒரே வருடம். சிங்கப்பூரில் 2004இல் தொடங்கப்பட்ட லீ குவான் யூ கல்லூரியில் இரண்டு வருடம். வேலையை விட்டுவிட்டுச் செல்பவருக்கு இந்த ஒரு வருட வேறுபாடு பெரிது. காணியை ஈடுவைத்துச் செல்வதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கடனோடு படித்தவர் கடனை அடைக்கும் சம்பளத்தைத் தேடி வெளிநாட்டிலேயே தங்கிவிட நேரும். மாவட்டத்துக்கு அவர் இழப்பாகிவிடுவார்.

அதேவேளை, ஐந்து வருடங்களுக்கு மேல் காத்திருப்பதும் ஆபத்தானது. எமது பல்கலைக்கழகங்களின் தாமதங்களால் பலர் பட்டம் பெறும்போதே இருபத்தைந்து வயதை எட்டிவிடுகிறார்கள். பிறகு திருமணப் பேச்சு, பெற்றோரின் முதுமை, நிரந்தர நியமனத்தின் சுகம் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். பெண்களுக்கு இந்த அவகாசம் இன்னும் குறுகியது. 'முதலில் கலியாணம், பிறகு படிக்கலாம்' என்று சொல்லும் வீடுகளில் அந்தப் 'பிறகு' பெரும்பாலும் வருவதில்லை. மகனுக்குக் கொடுக்கும் ஐந்து வருடத்தை மகளுக்கும் கொடுக்குமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

விண்ணப்பத்துக்கு ஒரு வருடம் முன்னதாகவே ஆயத்தமாக வேண்டும். செவ்னிங் விண்ணப்பம் வழமையாக ஆகஸ்டில் தொடங்கி ஒக்டோபர் அளவில் முடிகிறது. பல்கலைக்கழகங்களின் முடிவுத் திகதிகள் பெரும்பாலும் டிசம்பரிலும் ஜனவரியிலும் வருகின்றன. ஐஈஎல்ரிஎஸ் பெறுபேறு இரண்டு வருடங்களுக்கே செல்லுபடியாகும். எனவே அந்தப் பரீட்சையை அவசரப்பட்டு எழுதிவைப்பதில் பயனில்லை.

காலம் கனிந்துவிட்டதா என்பதை அறிய ஒரு வழி சொல்வேன். விண்ணப்பத்துடன் அனுப்ப வேண்டிய நோக்கக் கூற்றைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். அதிலுள்ள 'மன்னார்' என்ற சொல்லை நீக்கிவிட்டு வேறொரு ஊரின் பெயரைப் போட்டாலும் பொருந்துமானால், இன்னும் ஒரு வருடம் வேலை செய்யுங்கள். பொருந்தாவிட்டால், அடுத்த ஆகஸ்டைத் தவறவிடாதீர்கள்.