லூதரின் நூலும் ராஜநாயக்கனும்

ஜெர்மானிய விவசாயிகள் போர் நடந்து ஐந்நூறு ஆண்டுகள் நிறைந்துவிட்டன. நந்திதுர்க்கில் எங்கள் வாசிப்பு வகுப்பில் அப்போர் குறித்த எங்கெல்சின் நூலைப் படித்தபோது, மார்ட்டின் லூதரைத் துரோகி என்ற ஒற்றைச் சொல்லால் ஒதுக்கிவிட முனைந்தார் ஒரு தோழர். அது போதாது.

1517இல் பாவமன்னிப்புச் சீட்டு வணிகத்தை எதிர்த்தெழுந்த லூதர், விசுவாசத்தால் மட்டுமே மீட்பு, வேதமே இறுதி அதிகாரம், திருமுழுக்குப் பெற்ற அனைவரும் குருக்களே என்றார். ஐரோப்பியக் கிறிஸ்தவம் பிளவுண்டது. 1522இல் புதிய ஏற்பாட்டை மக்களின் ஜெர்மன் மொழியில் தந்தார். வீட்டுத் தாயிடமும் சந்தையில் நிற்பவனிடமும் மொழியைக் கேட்டறிய வேண்டும் என்பது அவர் கொள்கை. பண்டிதத் தமிழில் பிரசுரங்களைப் பெயர்த்துச் சுரங்கத் தொழிலாளரின் பொறுமையைச் சோதித்த நான் இதை வெட்கத்தோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் 1525இல், கிறிஸ்து அனைவரையும் மீட்டாரெனில் நாங்கள் ஏன் பண்ணையடிமைகள் என்று விவசாயிகள் தம் 12 கோரிக்கைகளில் கேட்டபோது, கிளர்ந்தவர்களை வெட்டிச் சாய்க்குமாறு இளவரசர்களைத் தூண்டி எழுதினார். ஆன்மாவின் விடுதலையை உடலின் விடுதலையாக்கக் கூடாது என்பது அவர் வாதம். விவசாயிகளோடு நின்ற தோமஸ் மூன்ட்சரின் தலை துண்டிக்கப்பட்டது.

அந்த வாதம் தமிழ் மண்ணுக்கும் வந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லூதரன் மிஷனரி சீகன்பால்கு தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. தஞ்சை அரசின் படையிலிருந்த ராஜநாயக்கன் அந்த அச்சுநூலைப் படித்தே கத்தோலிக்கத்தை விட்டு லூதரன் சபைக்கு வந்தார். லூதர் விரும்பிய வாசகர் இவரல்லாமல் வேறு யார்? உபதேசியாராகிப் பலரைச் சபையில் சேர்த்தார். எனினும் அவர் பறையர். அவர் கையால் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் இராப்போசனம் பெறமாட்டார்கள் என்று மிஷனரிகள் அஞ்சினர். 1733இல் வேளாளரான ஆரோனுக்குக் குருப்பட்டம் கிடைத்தது, ராஜநாயக்கனுக்குக் கிடைக்கவேயில்லை. சபை உடைந்துவிடும் என்ற அச்சம் பொய்யல்லதான். அந்த அச்சத்தின் விலையை யார் தலையில் கட்டினார்கள் என்பதே கேள்வி. அனைவரும் குருக்கள் என்ற கோட்பாடு சாதியின் வாசலில் நின்றுவிட்டது.

வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து வந்து சுரங்கத்தில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் இதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. “நம் கமிட்டிகளில் கடைசிவரை உபதேசியாராகவே விடப்பட்டவர்கள் எத்தனை பேர், தோழர்?” என்று கேட்டார் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர். அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் அவர் கேள்வியை அப்படியே சேர்க்கக் கோரியிருக்கிறேன்.