கிணறு வாரியாக வரைபடம் வேண்டும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் குடிநீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பது புதிய செய்தி அல்ல. அதற்காகவே ஜப்பான் நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் காவிரி நீர் வராத நாளில், குடத்தோடு போவது பழைய அடிபம்புக்கும் பக்கத்துத் தோட்டத்து போர்வெல்லுக்கும்தான். அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று காட்டும் வரைபடம் ஊராட்சியிடம் இருக்க வேண்டாமா?

ஜல் ஜீவன் திட்டத்தில் குடிநீர் ஆதாரங்களின் சோதனை முடிவுகள் இணையத்தில் ஏற்றப்படுகின்றன. கிராமப் பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியும் பயிற்சியும் தரப்படுகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஊருக்கு ஒரு புள்ளி வைத்து ஒரு நிறம் பூசுவது பாறைப் பகுதிக்கு ஒத்துவராது. பாறையில் உள்ள கனிமங்களிலிருந்துதான் ஃப்ளூரைடு கரைகிறது. பாறை இடுக்கில் நீர் எவ்வளவு காலம் தங்கியது என்பதைப் பொறுத்து அளவு மாறும். ஒரே ஊரில் ஒரு கிணறு நல்லதாகவும், கூப்பிடு தூரத்தில் இன்னொன்று குடிக்கத் தகாததாகவும் இருப்பது இதனால்தான். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்கிறது இந்தியத் தர அளவு. கொதிக்கவைத்தாலும் இது போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

எனவே ஒவ்வொரு கிணறும் தனிப் புள்ளியாக, ஆழம், ஃப்ளூரைடு, நைட்ரேட் அளவுகளுடன் பதிவாக வேண்டும். சோதித்த தேதியும் அவசியம். வங்கதேசத்தில் ஆர்சனிக் பிரச்சினைக்காகச் சுமார் 50 லட்சம் குழாய்க் கிணறுகளைச் சோதித்து, பச்சை, சிவப்பு வண்ணம் பூசினார்கள். நாளடைவில் வண்ணம் மங்கியது. சோதிக்கப்படாத புதுக் கிணறுகள் பெருகின.

விவசாயப் போர்வெல்களையும் இதில் சேர்க்க வேண்டும். 2024-ல் டிஜிட்டல் பயிர் கணக்கெடுப்புக்காக வேளாண் கல்லூரி மாணவர்கள் செல்போனுடன் வயல் வயலாகச் சென்றார்கள். அவர்களை அனுப்பியது சரியா என்பது தனி விவாதம். சர்வே எண் வாரியாகப் பயிரைப் பதிவு செய்ய முடிகிறது என்றால், அங்குள்ள போர்வெல்லையும் பதிவு செய்யலாம்.

விவரம் கொடுத்தால் இலவச மின்சாரத்துக்கு ஆபத்து வருமோ என்று விவசாயிகள் தயங்குவார்கள். அது நியாயமான தயக்கம். குடிநீர்த் தேவைக்கு மட்டுமே இந்தப் பதிவு பயன்படும் என்று அரசாணையிலேயே எழுதித் தர வேண்டும். வரைபடம் கணினியோடு நின்றுவிடாமல், அச்சிட்டு ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும். ஆண்டுதோறும், மழைக்கு முன்பும் பின்பும் சோதித்து அதைத் திருத்தும் பொறுப்பு யாருடையது என்பதை அடுத்த கிராம சபையிலேயே கேளுங்கள்.