குதிரைத்திறனுக்கு முன் டயர்

இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் இருக்கிறது; ஹூண்டாய் ஆலையும் அதே ஊரில்தான். ஒரகடத்தில் அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜேகே என டயர் ஆலைகளும் பக்கத்திலேயே. இருந்தும், இரண்டு மூன்று கார் வைத்திருக்கும் ஆர்வலர்கள்கூட ஒப்பிடும்போது பேசுவது குதிரைத்திறனைத்தான்.

இது பாதி ஒப்பீடு.

சாலையைத் தொடுவது ஒவ்வொரு டயரிலும் ஏறக்குறைய உள்ளங்கை அளவு ரப்பர் மட்டுமே. பிரேக்கும் திருப்பமும் அதை நம்பித்தான். புது டயர் போட்ட ஐ20 என் லைனையும், தேய்ந்த டயரோடு வந்த பழைய போலோவையும் தடத்தில் ஓட்டித் தீர்ப்புச் சொன்னால், அது டயர்களுக்கான தீர்ப்பு.

மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். அகலமான டயர் கம்பீரமாகத் தெரியும். ஐப்பசி மழையில் தேங்கிய நீரின் மேல் மிதந்து சறுக்கும் அபாயமும் அதற்கு அதிகம். (அழகுக்காக அகலம் கூட்டுவோர் கவனிக்க.) பெரிய ரிம் போட்டுப் பக்கச்சுவரைக் குறைத்தால், கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலைக் குழியில் அடி வாங்குவது அந்த ரிம்தான்.

கடையில் முதலில் பக்கச்சுவரைப் பாருங்கள். தயாரிப்புக் குறியின் கடைசி நான்கு இலக்கம் 2324 என்றால், 2024-இன் 23-ஆவது வாரம். தள்ளுபடிக்கு ஆசைப்பட்டுப் பழைய சரக்கை வாங்காதீர்கள்.