பேரனுக்கு எந்த டர்ட் பைக்?

பேரப்பிள்ளை மண்ணில் ஓட்டிப் பழக 50 சிசி வண்டி வாங்க நினைக்கும் நண்பர்கள், டூ-ஸ்ட்ரோக்கா ஃபோர்-ஸ்ட்ரோக்கா என்று கேட்கிறார்கள். நம் காதில் ஆர்.எக்ஸ். 100 சத்தம் இன்னும் இருக்கிறது. அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் பெட்ரோல் எரியும். மற்றதில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். வால்வு இல்லை, எடை குறைவு, பிஸ்டன் மாற்றுவதும் சுலபம். எல்லாம் சரி. ஆனால் பந்தயத்துக்கென்று செய்த டூ-ஸ்ட்ரோக், மெதுவாகப் போய்க்கொண்டே இருந்து திடீரென்று பாயும். ஏழு வயசுப் பிள்ளையின் கை தாங்குமா? இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டால் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். இது அவ்வளவாகப் பிடிக்காது.

யமஹா பி.டபிள்யூ. 50 டூ-ஸ்ட்ரோக்தான் என்றாலும் சாது. வேகத்தை மட்டுப்படுத்த ஒரு திருகு உண்டு, ஆயிலுக்குத் தனித் தொட்டி. ஹோண்டா சி.ஆர்.எஃப். 50-ல் மூன்று கியர், கிளட்ச் பிடி கிடையாது. பிள்ளை கியர் போடவும் பழகும். என் ஓட்டு அதற்கே. ஹெல்மெட் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.