விருத்தாசலத்தை எத்தனை விதமாக எழுதலாம்?

எங்கள் ஊர்ப் பெயரை நாலு விதமாக எழுதுகிறார்கள். விருத்தாசலம், விருத்தாச்சலம், விருதாசலம், விருதாச்சலம். கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகை, பஸ்ஸின் நெற்றி என்று எங்கே பார்த்தாலும் இந்த நாலில் ஏதாவது ஒன்று இருக்கும். விருத்த அசலம், அதாவது முதிய குன்றம், தேவாரம் பாடிய திருமுதுகுன்றம் என்று பெயர்க் காரணம் தெரிந்தவர்கள் முதல் வடிவம்தான் சரி என்பார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் இன்றைய பேச்சு அதைப் பற்றி இல்லை. நாலும் ஒரே ஊர் என்பது நமக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிகிறது. கம்ப்யூட்டருக்கு இவை நாலு வெவ்வேறு ஊர். ஒன்றைத் தேடச் சொன்னால் மற்ற மூன்றையும் அது திரும்பிக்கூடப் பார்க்காது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று பெயர். சுருக்கமாக ரெஜெக்ஸ். ஓய்வு பெற்ற பிறகு, கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் பேத்தியின் பாடப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு இதைக் கற்றேன். கற்றதில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டாகியிருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இதைத் தமிழை வைத்துத்தான் சொல்லித்தர வேண்டும். நன்றாகத் தமிழ் தெரிந்த பெரியவர்களும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டும் நடக்காததால் நஷ்டப்படுகிறவர்கள் கம்ப்யூட்டர் பக்கமே போகாத சாதாரண ஜனங்கள். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் ரெஜெக்ஸ் என்றால் என்ன என்று பார்ப்போம். எங்கள் ஊர் பீங்கான் ஊர். நெய்வேலிச் சுரங்கம் பக்கத்தில் இருப்பதால் களிமண்ணுக்குப் பஞ்சமில்லை. களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, அச்சில் ஊற்றுவதற்கு முன்னால் சல்லடையில் வடிகட்டுவார்கள். சல்லடைக் கண் பெரிதாக இருந்தால் மணலும் குறுமணியும் உள்ளே போய்ச் சாமான் கெட்டுவிடும். கண் மிகச் சிறிதாக இருந்தால் நல்ல களிமண்ணும் மேலேயே தங்கிவிடும். ரெஜெக்ஸும் ஒரு சல்லடை. எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து வரலாம், எது வந்தாலும் வராவிட்டாலும் பரவாயில்லை, எது எத்தனை தடவை வரலாம் என்பதைச் சில குறிகளால் ஒரே வரியில் எழுதிக் கொடுக்கிறோம். லட்சம் வரி உரையில் அந்த அமைப்புக்குப் பொருந்துவதை மட்டும் கம்ப்யூட்டர் பொறுக்கித் தருகிறது.

இது புதிய சரக்கும் இல்லை. ஸ்டீபன் கிளேனி என்ற அமெரிக்கக் கணித அறிஞர், மூளை நரம்புகளைக் கணித மாதிரியாக ஆராய்ந்த ஒரு வேலையை ஒட்டி, 1951-ல் இதன் அடிப்படையை எழுதினார். 1956-ல் அது அச்சில் வந்தது. 1968-ல் கென் தாம்ஸன், உரையில் தேடுவதற்கு இதைப் பயன்படுத்தும் வழியை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். சில ஆண்டுகளில் யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் ‘கிரெப்’ என்ற தேடும் கருவி வந்தது. இன்று ஏறக்குறைய எல்லா நிரல் மொழிகளிலும் ரெஜெக்ஸ் உண்டு.

இப்போது எங்கள் ஊருக்கு வருவோம். நாலு வடிவத்துக்கும் சேர்த்து இப்படி ஒரே வரி போதும்:

விரு(த்)?தா(ச்)?சலம்

அடைப்புக்குள் இருப்பதற்குப் பின்னால் கேள்விக்குறி போட்டால், ‘அது இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி’ என்று பொருள். த் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ச்சும் அப்படியே. இரண்டும் இரண்டும் சேர்ந்து நாலு வடிவம். எளிதாகத்தான் இருக்கிறது, இல்லையா?

ஆனால் ஆங்கிலப் பாடத்தைப் படித்தவர் அடைப்பைப் போடமாட்டார். ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்துக்குக் கேள்விக்குறி போட அடைப்பு தேவையில்லை. அந்தப் பழக்கத்தில் விருத்?தாச்?சலம் என்று எழுதுவார். அங்கேதான் வம்பு. நமக்குத் ‘த்’ ஓர் எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது ‘த’ ஒன்று, புள்ளி ஒன்று, ஆக இரண்டு. கேள்விக்குறி கடைசியில் உள்ள புள்ளியோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும். அதாவது ‘புள்ளி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி’ என்று ஆகிவிடும். நாலு வடிவத்தில் விருத்தாச்சலம் ஒன்றுதான் சிக்கும். மற்ற மூன்றும் நழுவிவிடும். கம்ப்யூட்டர் தவறு என்று சொல்லவும் சொல்லாது. ஒன்று கிடைத்தது என்று மட்டும் சொல்லும். நாமும் நம்பிவிடுவோம்.

காரணம் யூனிக்கோடு தமிழை வைத்திருக்கும் முறை. 1991-ல் வந்த முதல் பதிப்பிலிருந்தே தமிழுக்கு 128 இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். உயிர் எழுத்துகளுக்கும், அகரம் ஏறிய மெய்களுக்கும், கால், கொம்பு, புள்ளி போன்ற துணைக்குறிகளுக்கும் அதில் இடம் உண்டு. 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கிடையாது. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிக்கோடோடு சேர்த்து, ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி இடம் தரும் டேஸ் 16 முறையையும் தரமாக அறிவித்தது. ஆனாலும் போன் முதல் பேங்க் வரை உலகம் ஓடுவது யூனிக்கோட்டில்தான். நாம் அதோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும்.

இன்னொரு கூத்து பாருங்கள். ‘ஒரு சொல்லைப் பிடித்துக் கொடு’ என்பதற்கு ரெஜெக்ஸில் ஒரு குறி இருக்கிறது. எல்லாப் பாடத்திலும் இரண்டாம் நாளே சொல்லித்தருவார்கள். ஜாவாஸ்கிரிப்டில் அந்தக் குறி ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு இவற்றைத் தவிர வேறெதையும் ஏற்காது. தமிழ் முழுவதுமே அதற்குக் குப்பை. பைத்தானோடு கூடவே வரும் ரெஜெக்ஸ் தொகுப்பு கொஞ்சம் தேவலை, தமிழ் எழுத்தை எழுத்து என்று ஒப்புக்கொள்கிறது. ஆனால் துணைக்குறிகளை ஒப்புக்கொள்வதில்லை. ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்தால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டாக வெட்டித் தருகிறது. மொழியின் பெயருக்கே இந்த கதி என்றால் மற்றச் சொற்களின் நிலைமையைக் கேட்கவா வேண்டும்! இதைச் சரிக்கட்ட வழி இல்லாமல் இல்லை. எழுத்தை முழு எழுத்தாகப் பிரிக்கும் தொகுப்புகள் வந்துவிட்டன. ‘ஓப்பன் தமிழ்’ என்று நம்மவர்கள் உருவாக்கி இலவசமாகவே கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பிரச்சினை இருக்கிறது என்று தெரிந்தால்தானே வழியைத் தேடுவார்கள்?

வரிசையிலும் ஒரு பொறி உண்டு. ரெஜெக்ஸில் சதுர அடைப்புக்குள் இரண்டு எழுத்தை எழுதி நடுவில் கோடு போட்டால், அந்த எழுத்து முதல் இந்த எழுத்து வரை என்று பொருள். இடையின எழுத்துகள் ய, ர, ல, வ, ழ, ள ஆறும் வேண்டும் என்று [ய-ள] எழுதினால் கிடைப்பது ய, ர, ற, ல, ள. யூனிக்கோடு வரிசையில் ற என்பது ர-வுக்கு அடுத்தும், ழவும் வவும் ள-வுக்குப் பின்னும் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றாம் வகுப்பில் படித்த வரிசை அங்கே செல்லாது. ஆறையும் ஒவ்வொன்றாக [யரலவழள] என்று எழுதுவதே உத்தமம்.

கண்ணுக்கே தெரியாத வித்தியாசங்களும் உண்டு. ஔவையார் என்பதைப் பலர் ஒ போட்டு, பக்கத்தில் ள போட்டுத் தட்டச்சு செய்கிறார்கள். திரையில் இரண்டும் ஒரே மாதிரி. (ஔ|ஒள)வை என்று தேடினால்தான் இரண்டும் கிடைக்கும். நடுவில் உள்ள நெடுங்கோடு ‘அல்லது’ என்று சொல்கிறது. பக்கத்தில் இருக்கும் ஸ்ரீமுஷ்ணத்தின் கதையும் இதுதான். அந்த ‘ஸ்ரீ’யை ஸகரத்தை வைத்தும் எழுதலாம், 2005-ல் யூனிக்கோட்டில் சேர்ந்த இன்னொரு சகரத்தை வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் எந்த வித்தியாசமும் தெரியாது. கம்ப்யூட்டர் மட்டும் இரண்டு ஊர் என்று சாதிக்கும்.

‘இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?’ என்று கேட்கலாம். என்னோடு வேலை பார்த்த ஒருவர், குடும்பச் சொத்து சம்பந்தமாகத் தன் அப்பா பெயர் உள்ள ஒரு பழைய பதிவைத் தேடி ஓர் அலுவலகத்துக்குப் போனார். அப்பா பெயர் இரத்தினம். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, “அப்படி ஒரு பெயரே இல்லீங்களே ஐயா” என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் நடையாய் நடந்தார். கடைசியில் ஒரு வயதான எழுத்தர் பழைய ரிஜிஸ்தரைப் புரட்டிக் கண்டுபிடித்துக் கொடுத்தார். ரெத்தினம் என்று எழுதியிருந்தது. அப்படித்தான் அதைக் கம்ப்யூட்டரிலும் ஏற்றியிருந்தார்கள். பெயர் உள்ளேதான் இருந்தது, கேட்ட விதத்தில்தான் கிடைக்கவில்லை.

(இரத்|ரத்|ரெத்)தினம் என்ற ஒரு வரி அந்த மூன்று மாதத்தை மிச்சப்படுத்தியிருக்கும். கூடவே சிவரத்தினம், ரத்தினம்மாள் எல்லோரும் வந்து நிற்பார்கள். நிற்கட்டுமே. பத்துப் பேரில் நம்மவர் யார் என்று ஆள் பார்த்துப் பொறுக்கிவிடலாம். ‘இல்லை’ என்று வந்துவிட்டால் எதைப் பொறுக்குவது? கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் ரெஜெக்ஸ் கற்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. தேடும் பெட்டியைச் செய்து கொடுத்தவர், அதன் பின்னால் இந்தச் சல்லடையை வைத்திருக்க வேண்டும். இராமசாமி, ராமசாமி, ராமஸ்வாமி மூவரும் ஒருவராக இருக்கக்கூடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது அவருக்கு எப்படித் தெரியும்? கல்லூரியில் அவர் பார்த்த உதாரணம் எல்லாம் ஈமெயில் முகவரியும் போன் நம்பரும்தானே!

பேத்தியிடம் இதைச் சொன்னேன். “தாத்தா, பரீட்சைக்குத் தமிழ்ல எல்லாம் கேக்கமாட்டாங்க” என்றாள். கேட்கவேண்டும் என்பதுதான் என் கட்சி. மின்னஞ்சல் முகவரியைச் சரிபார்க்கும் வரியை உலகத்தில் ஆயிரம் பேர் ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டார்கள். நம் ஊர்ப் பெயருக்கும் நம் ஆட்கள் பெயருக்கும் நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

இங்கேதான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் வேண்டும். நிலைமொழி, வருமொழி, இந்த எழுத்துக்குப் பின் இது வந்தால் இப்படித் திரியும் என்று நன்னூல் படித்த தலைக்கு ரெஜெக்ஸ் அந்நியமே இல்லை. விருத்தாசலம் என்பது ‘விருத்தாசலத்தில்’ என்றும் ‘விருத்தாசலமும்’ என்றும் மாறும். ஆகவே ஊர்ப் பெயர் வரியின் கடைசியை சல(ம|த்த) என்று முடிக்க வேண்டும். இதைச் சொல்லக் கம்ப்யூட்டர் படிப்பு தேவையில்லை, வேற்றுமை தெரிந்தால் போதும். இன்னொன்று பாருங்கள்:

(அந்த|இந்த|எந்த) [கசதப]

அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின் ஓர் இடைவெளி, உடனே வல்லினம். ‘அந்த பையன்’ சிக்கும், ‘அந்தப் பையன்’ சிக்காது. நூறு பக்கத்தில் ஒற்று விட்டுப்போன இடங்கள் ஒரு நொடியில் வரிசையாக வந்து நிற்கும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் போலப் பழைய நூல்களைக் கணினியில் ஏற்றும் பணிகளுக்கு மெய்ப்புப் பார்க்க எத்தனை பேர் இருந்தாலும் போதாது. இந்த ஒரு வரி தெரிந்த ஆசிரியர் பத்துப் பேர் வேலையைப் பார்ப்பார்.

‘இப்போதுதான் ஏஐ வந்துவிட்டதே, கேட்டால் அதுவே எழுதித் தருமே’ என்பார்கள். தரும். தந்த வரியில் கேள்விக்குறி புள்ளியோடு ஒட்டியிருக்கிறதா, எழுத்தோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க நமக்குத் தெரிய வேண்டாமா? ரெஜெக்ஸிடம் எனக்குப் பிடித்ததும் அதுதான். என்ன எழுதினோமோ அதைத்தான் செய்யும். இன்றைக்கும் நாளைக்கும் ஒரே பதில் தரும். ஏன் இந்தப் பெயர் வந்தது, ஏன் அது வரவில்லை என்று குறி குறியாகக் கை வைத்துக் காட்டலாம். ஒரு மனிதனின் பெயர் பட்டியலில் உண்டா இல்லையா என்று முடிவு செய்கிற இடத்தில் இந்தக் கணக்கு வழக்கு அவசியம்.

எல்லை இல்லாமல் இல்லை. ‘மாலை’ என்றால் சாயங்காலமா பூமாலையா என்று ரெஜெக்ஸுக்குத் தெரியாது. புதுமைப்பித்தனின் இயற்பெயர் விருத்தாசலம். ஊர்ப் பெயரையெல்லாம் திருமுதுகுன்றம் என்று மாற்றலாம் என யாராவது யோசிக்காமல் பொத்தானைத் தட்டினால், சொ. விருத்தாசலமும் சொ. திருமுதுகுன்றமாகிவிடுவார்! தேடுவதற்குச் சல்லடையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். மாற்றுவதென்றால் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் மாற்றவேண்டும்.

கற்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு யோசனை. புத்தகத்தின் உதாரணத்தில் தொடங்க வேண்டாம். உங்கள் பெயரை மற்றவர்கள் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், பழைய கடிதம் எல்லாவற்றையும் பார்த்து ஒரு பட்டியல் போடுங்கள். அத்தனைக்கும் பொருந்தும் ஒரே வரியை எழுதிப் பாருங்கள். அது கைவந்துவிட்டால் பாதி ரெஜெக்ஸ் வந்தமாதிரி. மீதியைப் பேரப்பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளலாம். பதிலுக்கு அவர்களுக்குப் புணர்ச்சி விதியைச் சொல்லிக்கொடுங்கள், கணக்கு நேராகிவிடும்.