600 ரூபாய் ஊதிய உயர்வும் ஒரு புற்றுநோயும்

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் மாதம் 20,600 ரூபாய் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய பே ஸ்லிப்பில் இ.எஸ்.ஐ.க்காக 155 ரூபாய் பிடிக்கிறார்கள். கம்பெனி தன் பங்காக 670 ரூபாய் கட்டுகிறது. ஆக, மாதம் 825 ரூபாய். தேவையான நாட்கள் சந்தா கட்டியிருந்தால், அவருக்கும் அவர் மனைவி மக்களுக்கும் புற்றுநோய் வரை சிகிச்சை உண்டு. இத்தனை லட்சம்தான் என்ற உச்சவரம்பும் அதில் கிடையாது. ஏப்ரலில் 600 ரூபாய் இன்கிரிமென்ட் வருகிறது. சம்பளம் 21,200 ஆகிறது. இ.எஸ்.ஐ.க்கான 21,000 ரூபாய் சம்பள வரம்பைத் தாண்டிவிட்டதால் 155 ரூபாய் பிடித்தம் நின்றுபோகிறது. ஏற்கெனவே கட்டிய சந்தாவின் கணக்கில் சில மாதங்கள் ஓடும். அதன் பிறகு அந்தக் குடும்பத்துக்கு இ.எஸ்.ஐ. கிடையாது.

சரி, மாநில அரசின் காப்பீடு இருக்கிறதே என்று தோன்றும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. ஆனால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் 10,000. நம் தொழிலாளியின் வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. கிராம நிர்வாக அலுவலர் எவ்வளவு இரக்கப்பட்டாலும் அவருக்கு வருமானச் சான்று தர முடியாது. இ.எஸ்.ஐ.க்கு அவர் பணக்காரர், மாநிலத் திட்டத்துக்கும் பணக்காரர். கீமோவுக்கு எஸ்டிமேட் கையில் வரும்போதுதான் தான் ஏழை என்பது அவருக்கே தெரிகிறது. பெரிய கார் கம்பெனிகளில் பர்மனென்ட் ஆனவர்களுக்குக் குழுக் காப்பீடு இருக்கிறது. அந்தக் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் சிறு தொழிற்கூடத்தின் சூப்பர்வைசருக்கு அந்த உறுதி இல்லை.

இ.எஸ்.ஐ.யின் இந்த 21,000 ரூபாய் வரம்பு 2017 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூரில் வீட்டு வாடகை எவ்வளவு ஏறியது என்பதை அங்கே ஓர் அறையில் ஐந்து பேராகத் தங்கியிருப்பவர்களைக் கேட்டால் தெரியும். வரம்பை உயர்த்த நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை, ஒன்றிய அரசின் அறிவிக்கை போதும். உயர்த்தும்போது இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். சந்தா கட்டிய காலத்தில் நோய் கண்டறியப்பட்டவருக்கு, சம்பளம் கூடினாலும் கான்ட்ராக்டர் மாறினாலும், சிகிச்சை முடியும்வரை இ.எஸ்.ஐ. தொடர வேண்டும்.

கான்ட்ராக்ட் தொழிலாளியின் நிலை இதைவிட மோசம். உயர் சிகிச்சைக்குத் தகுதி பெற அவர் ஆறு மாதம் வேலையில் இருந்து 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். குடும்பத்தினருக்கு என்றால் ஓராண்டு, 156 நாள். ஒரு கான்ட்ராக்டர் போய் இன்னொருவர் வருவதற்குள் விழும் இடைவெளி இந்தக் கணக்கைக் குலைத்துவிடுகிறது. அப்ரென்டிஸ் சட்டப்படி எடுக்கப்பட்ட பயிற்சியாளர்களோ, அதே லைனில் அதே ஷிப்ட் பார்த்தாலும் இ.எஸ்.ஐ.க்குள் வருவதே இல்லை.

உள்ள உரிமையும் பலருக்குத் தெரிவதில்லை. புற்றுநோய் வந்ததும் ‘இனி வேலைக்குப் போக முடியாது’ என்று ராஜினாமா எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. எழுதவே கூடாது. இரண்டு ஆண்டு வேலையில் இருந்து உரிய சந்தா கட்டியவருக்கு, புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு, சராசரி ஊதியத்தில் 80 சதவீதத்தை இரண்டு ஆண்டு வரை இ.எஸ்.ஐ. தருகிறது. இதைத் தொழிலாளியிடம் சொல்ல வேண்டிய எச்.ஆர். அதிகாரிகளில் எத்தனை பேர் சொல்கிறார்கள்? பி.எஃப்.பில் மருத்துவ முன்பணம் எடுக்கும் வழியைத்தான் பலரும் முதலில் காட்டுகிறார்கள். அது தொழிலாளியின் சொந்தச் சேமிப்பு, உதவி என்று அதைச் சொல்லக் கூடாது.

அரசு மருத்துவமனையில் யாருக்கும் சிகிச்சை இலவசம்தானே என்று ஒரு வாதம் வரும். உண்மைதான். காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. காஞ்சிபுரத்தில் பிறந்து, முதலமைச்சராக இருக்கும்போதே 1969 பிப்ரவரி 3 அன்று புற்றுநோயால் மறைந்தவரின் பெயரில் அமைந்தது. இந்தத் தொழில் வட்டாரத்துக்கு அதுதான் பக்கம். ஆனால் சிகிச்சை இலவசம் என்பதோடு செலவு முடிவதில்லை. ‘கரண்டு’ (கதிர்வீச்சு) வைக்க வாரத்தில் ஐந்து நாள், ஐந்தாறு வாரம் போய்வர வேண்டும். கூடப் போகிறவரின் கூலியும் போகிறது. பஸ், சாப்பாடு, வெளியே வாங்கும் மருந்து எல்லாம் சேர்ந்துதான் தாலிச் சங்கிலியை அடகுக் கடைக்குக் கொண்டுபோகின்றன. ரயில்வே புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் முழுக் கட்டணச் சலுகை தருகிறது. நல்ல விஷயம்தான், ஆனால் இத்தனை தொழிற்சாலை வந்தும் ஸ்ரீபெரும்புதூருக்கு இன்னும் ரயில் வரவில்லை.

தமிழக அரசுக்கு நாம் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். புற்றுநோய்க்கு மட்டுமாவது காப்பீட்டுத் திட்டத்தின் வருமான வரம்பை எடுத்துவிட வேண்டும். இது நடக்காத காரியம் அல்ல. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்தில் அடிபட்டவரிடம் வருமானச் சான்றும் கேட்பதில்லை, எந்த மாநிலம் என்றும் கேட்பதில்லை. இருங்காட்டுக்கோட்டை அருகே லாரி மோதி விழுந்தவரிடம் கேட்காத சான்றை, அதே சாலையில் காரப்பேட்டைக்குப் பஸ் ஏறும் நோயாளியிடம் ஏன் கேட்க வேண்டும்? பஞ்சாப் 2011 முதல் வருமானம் பார்க்காமல் புற்றுநோயாளிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை தருகிறது. வேறு காப்பீடு உள்ளவர்களையும் அரசு ஊழியர்களையும் மட்டும் அது விலக்குகிறது. அதே விலக்கை இங்கேயும் வைக்கலாம். 70 வயதைக் கடந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு என்று ஒன்றிய அரசே 2024 அக்டோபரில் தொடங்கியிருக்கிறது.

பணத்துக்கு எங்கே போவது என்று நிதித்துறை கேட்கும். வசதி படைத்தவர்கள் பொது வார்டுக்கு வந்து வரிசையில் நிற்கப்போவதில்லை. ஆகவே கூடுதல் சுமை அஞ்சுகிற அளவுக்கு இருக்காது. இந்த வட்டாரத்துப் பெரிய நிறுவனங்களுக்கு லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடும் சட்டக் கடமை இருக்கிறது. சொந்த ஊழியர்களுக்கு மட்டும் செய்யும் செலவை அந்தக் கணக்கில் காட்ட முடியாது. மாவட்டத்து நோயாளிகள் எல்லோருக்கும் பயன்படும்படி காரப்பேட்டையில் ஒரு நிதியை வைத்து, போக்குவரத்துக்கும் துணைக்கு வருபவரின் தங்கலுக்கும் செலவிட எந்தத் தடையும் இல்லை. மாவட்ட ஆட்சியர் அந்த நிறுவனங்களை ஒரு மேசையில் உட்காரவைத்தால் இந்த நிதியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.