தெரிந்த சொல்லே ஏமாற்றும்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு வீட்டிலும் கடையிலும் புழங்கும் ஆங்கிலச் சொல் எல்லாமே விளங்கிவிடும் என்பது நம்மிடையே ஊறிப்போன நம்பிக்கை. உண்மையில், அறிமுகமில்லாத சொல்லை அவரும் பிரித்துப் பார்த்து ஊகிக்கத்தான் செய்கிறார். பிரித்த துண்டுகள் தெரிந்தவையாக இருந்தால் தயக்கமே இல்லாமல் தவறாக ஊகித்துவிடுகிறார். அயர்லாந்து வீடுகளில் 'ஹாட் பிரஸ்' என்பது வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரி. துவைத்த துண்டும் விரிப்பும் ஈரம் போக அந்தக் கதகதப்பில் அடுக்கப்பட்டிருக்கும். அமெரிக்கர் அதை இஸ்திரி இயந்திரம் என்று எண்ண இடமுண்டு. பிரிட்டனின் 'ஆஃப் லைசென்ஸ்' அவர் காதில் உரிமம் பறிபோன கடையாக ஒலிக்கலாம். வெளியே கொண்டுபோய்க் குடிப்பதற்கு மது விற்கும் உரிமம் பெற்ற கடை அது. 'ஹேபர்டாஷர்' பிரிட்டனில் ஊசி, நூல், பொத்தான் விற்பவர். அமெரிக்காவில் ஆண்களுக்கான சட்டை, டை விற்பவர்.

கடைக்குள் நுழைந்தால் புரிந்துவிடாதா என்று கேட்கலாம். பொருள் கண்முன் இருக்கும்வரை சரி. ஆனால் வீட்டு வாடகை விளம்பரத்தில் 'ஹாட் பிரஸ்' என்ற சொல் மட்டும்தான் இருக்கிறது. அகராதி இருக்கிறதே என்றால், ஐயம் எழுந்தவர்தான் அதைப் புரட்டுவார். புரிந்துவிட்டதாக நினைப்பவர் புரட்டுவதில்லை. இத்தகைய சொற்களுக்குத் தாய்மொழி என்ற தகுதியைவிட அந்த ஊரில் குடியிருந்த பழக்கமே நம்பகமான சான்று. பாடநூல் எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் எந்த நாட்டு ஆங்கிலம் என்பதை முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.